எவிடன்ஸ் அண்ணரும் கார்பாலிக் மோகினியும்

கொழும்பில் இருந்த பேய்கள் எல்லாம் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்து வாழ்ந்தன. மந்திரவாதிகளை அவை பொருட்படுத்தவில்லை. தேவாலயத்துத் தீர்த்தத்துக்கும் கோயில் திருநீற்றுக்கும் ஏதோ கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம். ஆனால் வெள்ளைக் காற்சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்ட ஒரு மனிதர், கையில் அளவு நாடாவோடு, பின்னேரம் நாலரை மணிக்குப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் அந்த வீட்டுப் பேய் அன்றைக்கே காணாமல் போய்விடும். அவர்தான் எவிடன்ஸ் அண்ணர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருடம் முந்தி, அவர் நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், மொழிபெயர்ப்பாளர். நான் அதே கோட்டில் ஒரு சின்னக் கிளார்க். சாட்சி தமிழில் சொல்வதை அவர் நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சாட்சி 'நான்' என்றால் அவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அது தொழில் விதி. இந்த விதிப்படி பதினெட்டு வருடத்தில் அவர் எண்ணற்ற கோழிகளைத் திருடியிருக்கிறார், மாமனாரை விறகுக் கட்டையால் அடித்திருக்கிறார், காலையில் குற்றவாளியாகவும் மத்தியானம் ஒரு பாவமும் அறியாதவராகவும் இருந்திருக்கிறார். எல்லாம் நல்ல இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில்.

நாள் முழுக்க மற்றவர்களுடைய பொய்யைப் பேசுகிறவனுக்கு ஒரு உண்மையாவது கையில் அகப்பட வேண்டாமா என்று அவர் அடிக்கடி சொல்லுவார். அதற்காக அவர் தேர்ந்தெடுத்த துறைதான் பேய்.

பலரும் நினைத்ததுபோல அவர் பேய் இல்லை என்று வாதாடுகிறவர் அல்ல. உண்டென்றால் எவிடன்ஸ், அதாவது சாட்சி, வேண்டும் என்பார்; அவ்வளவுதான். பேயைக் கண்டவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, பகல் வெளிச்சத்தில், கண்ட இடத்திலேயே நிறுத்தி விசாரிப்பார். விளக்கு எங்கே இருந்தது, எத்தனை முழத் தூரம், அன்றைக்குச் சாராயம் உண்டா என்பதெல்லாம் வரும். கடைசியில் பேயின் உயரத்தைக் கையால் காட்டச் சொல்லி நாடாவால் அளப்பார். பம்பலப்பிட்டியில் ஒரு மாமரத்துப் பேயை மூன்று பேர் கண்டிருந்தார்கள். முதலாமவர் காட்டியது மூன்றடி. அடுத்தவர் ஆறடி. மூன்றாமவருக்குக் காட்டுவதற்கு ஏணி தேவைப்பட்டது. 'பேய் வளரும் பருவத்தில் இருக்கிறது' என்று அண்ணர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அவரிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. 'தள்ளுபடி' என்று எழுதிய கோப்பைக் கட்டக் கயிறு போதாது. 'நிரூபிக்கப்பட்டவை' என்ற கோப்பில் ஒரு தாளும் கிடையாது. ஒவ்வொரு பேயும் பூனையாகவோ, தகரக் கூரையாகவோ, பக்கத்து வீட்டுக்காரருடைய குறட்டையாகவோ முடிகிறபோது அண்ணர் வெற்றிக் களிப்போடு வருவார் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு நாளைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இதுவும் பூனைதான் தம்பி" என்று பெருமூச்சு விடுவார்.

அப்போது நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில், மாதக் காசுக்குச் சாப்பாடும் படுக்கையும் தருகிற ஒரு போடிங்கில், ஒரே அறையில் இருந்தோம். போடிங்கின் சொந்தக்காரர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய பக்திமான். கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் தவிர வேறொன்றும் வாயில் வைக்கமாட்டார். அந்த வருடம் சஷ்டி தொடங்கிய அன்றே குசினியில் பேய் புகுந்துவிட்டது. இரவில் மூடி வைத்த பிட்டு விடியும்போது இல்லை. மெல்லுகிற சத்தம் கேட்டதாகச் சொல்லிச் சமையற்காரர் படுக்கையை விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். முன்பொரு காலம் அந்த வீட்டில் பசியோடு செத்துப்போன ஒருவருடைய ஆவிதான் அது என்று வீட்டுக்காரரே எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

அண்ணர் படுக்கப் போகும்போது குசினித் தரையில் அரிசிமாவைத் தூவிவிட்டார். விடிந்து பார்த்தால் மாவில் கால் அடையாளங்கள். குசினியில் தொடங்கி நேரே சாமியறைக்குப் போயின. இடது காலில் நாலு விரல்தான். மலாயாவில் தண்டவாளத்தில் ஒரு விரலைப் பறிகொடுத்தவர் வெள்ளவத்தை முழுவதிலும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அதை எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். அண்ணர் காலைச் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, பத்துப் பேர் முன்னிலையில், தன் முடிவுகளை வாசித்தார். பேய் சம்பலைத் தொடவில்லை, ஆகையால் அதற்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பும் அதில் இருந்தது.

உண்மை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே எங்கள் ட்ரங்குப் பெட்டிகளும் வெளியே வந்தன.

அப்படித்தான் நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு, ஒரு பேக்கரியின் மேல்மாடிக்குக் குடிபோனோம். போய் ஒரு மாதம் ஆகவில்லை, ரிக்‌ஷா நிறுத்துமிடத்தில் மோகினிக் கதை அடிபடுவதை அண்ணர் மோப்பம் பிடித்துவிட்டார்.

மோகினி யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் செத்துப்போன பெண்ணின் ஆவி. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கையில் பிள்ளை. தனியே வருகிற ஆணிடம் 'இதைக் கொஞ்சம் பிடியுங்கள்' என்று பிள்ளையை நீட்டும். வாங்கினவன் தொலைந்தான். கர்ப்பிணிகளுக்கும் பச்சைப் பிள்ளைகளுக்கும் அது ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட ஒன்று விடியப்புறம் நாலு மணிக்குத் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் நின்று, கையைக் காட்டி ரிக்‌ஷாக்காரர்களைக் கூப்பிடுகிறதாம். அவர்கள் ரிக்‌ஷாவைத் திருப்பிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் ஓடியிருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை, மரநிழலில், தெருவே கூடி நின்று பார்க்க, அண்ணர் ஏழு ரிக்‌ஷாக்காரர்களை விசாரித்தார். உயரம் வழக்கம்போல ஏழு விதமாக வந்தது. ஆனால் ஏழு பேரும் தனித்தனியாக ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். மோகினியிடமிருந்து ஒரு மணம் வந்தது. ஆசுபத்திரி மணம். கார்பாலிக்.

அன்று அண்ணர் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினார். "தம்பி, பொய் சொல்லுறவன் மல்லிகைப்பூ மணம் எண்டுதான் சொல்லுவான். கார்பாலிக் எண்டு ஒருத்தனுக்கும் கற்பனை வராது. இவங்கள் எதையோ உண்மையாக் கண்டிருக்கிறாங்கள்" என்றார். 'நிரூபிக்கப்பட்டவை' என்ற வெறும் கோப்பை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தார்.

பகலில் வராத பேய்க்காகத் தன் விதியை அவர் தளர்த்தியது அந்த ஒரு தடவைதான். திங்கட்கிழமை விடியப்புறம் நாங்கள் இருவரும் அந்தச் சந்தில் போய் நின்றோம். எங்கள் பேக்கரியில் பாண் வேகிற வாசனை அந்தச் சந்துவரைக்கும் வந்தது. அது இல்லாமற்போய், கார்பாலிக் வந்தது. பிறகு வெள்ளைச் சேலை வந்தது. கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொதி. எங்களைக் கண்டதும் கையைக் காட்டியது.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அண்ணர் இரண்டு அடி முன்னால் போய், கோட்டில் சாட்சியைக் கேட்கிற அதே குரலில், "நீர் ஆர்?" என்றார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று அந்த உருவம் பொதியை நீட்டியது.

அண்ணர் வாங்கினார். வாங்கிய பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் அரிசிமா நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பொதிக்குள்ளிருந்து பிள்ளை அழவில்லை. கத்தரிக்கோலும் கிண்ணமும் கிலுங்கின. உருவம் அதற்குள் பத்து அடி முன்னால் போய்விட்டிருந்தது. கெதியாக வரும்படியும், கொச்சிக்கடையில் ஒரு பெண் நோவோடு கிடப்பதாகவும் திரும்பிப் பாராமலே எங்களுக்குச் சொன்னது.

அவர் பிலோமினா மிஸி. அந்தப் பகுதி மருத்துவிச்சி. முப்பத்தைந்து வயது இருக்கும், கலியாணம் செய்யாதவர், நல்ல பருமன், அதைவிட நல்ல குரல். வழியெல்லாம் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தார். "மூண்டு மாசமா ஒரு ரிக்‌ஷாக்காரனும் நிக்கிறானில்ல. கண்ட உடனே ஓடுறானுகள். நான் பாரம் எண்டுதான் ஓடுறானுகள் எண்டு நினைச்சு, சோத்தையும் குறைச்சுப் பாத்தேன்."

பண்டகசாலைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் நாங்கள் காத்து நின்றோம். வெயில் ஏறுகிற நேரம் உள்ளே ஒரு பிள்ளை வீரிட்டது. அண்ணர் மணிக்கூட்டை எடுத்து நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பேக்கரியில் இரண்டு பணிஸ் வாங்கித் தின்றார். இந்த வழக்கும் தள்ளுபடிதானே என்று நான் பயந்து பயந்து கேட்டேன். ஓம் என்றார், மென்றுகொண்டே. பேய் இல்லை என்று தெரிந்த நாளில் அவர் சாப்பிட்டு நான் கண்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை அவர் மிஸியை நேரே ரிக்‌ஷா நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, இவர்தான் உங்கள் மோகினி, நன்றாகப் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினார். அங்கே மாரிமுத்து என்று ஒருவன் இருந்தான். இந்தியாவிலிருந்து வந்து பத்து வருடமாக ரிக்‌ஷா இழுக்கிறவன். மற்றவர்கள் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள். அவன் மிஸியைக் கும்பிட்டுவிட்டு அண்ணரிடம் கேட்டான்:

"ஐயா, இந்தம்மா மனுசிதாங்க. யாரு இல்லேன்னது? ஆனா விடியக்காலம் சந்துல நிக்கிறதும் இந்தம்மாதான்னு என்ன சாட்சி?"

அண்ணர் என் பக்கம் குனிந்தார். இவன் கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்தாக வந்திருக்க வேண்டியவன் என்று என் காதில் சொன்னார். பிறகு மாரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கில் தோற்றவர் அப்படி மகிழ்ந்ததை நான் கண்டதில்லை.

தீர்ப்புக் கிடைக்கும்வரை மிஸியின் பொதியை யார் தூக்குவது? அண்ணர்தான் தூக்கினார். விடியப்புறம் கீழேயிருந்து மிஸியின் குரல் கேட்டதும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரே மாதத்தில் கொட்டாஞ்சேனை முழுவதும் புதுக் கதை பரவியது: மோகினி ஒரு கோட்டு ஐயாவைப் பிடித்துவிட்டாள், பாவம், பொதி சுமக்க வைத்திருக்கிறாள். எங்கள் கோட்டுப் பியூன் பேயை விரட்ட அண்ணருடைய மேசையில் தினமும் ஒரு தேசிக்காய் வைக்கத் தொடங்கினான். அண்ணர் அதைத் தேநீரில் பிழிந்து குடித்தார்.

சிரிப்பாகப் போன கதை மெல்ல வேறு திசையில் திரும்பியது. ரிக்‌ஷாக்காரர்களின் பேச்சு வீடுகளுக்குள் போனது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண்களின் மாமிமார் மிஸியைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் காலையில், நாளும் பொழுதும் நெருங்கியிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே கதவு அடைபட்டது. சும்மா கட்டுக்கதை என்றால் கோட்டு ஐயாவே வந்து ஏழு பேரை விசாரித்திருப்பாரா என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

மிஸி அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அண்ணர் பொதியோடு பக்கத்தில் நின்றார். தன் விசாரணைதான் அந்தப் பொய்க்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றிரவு இரண்டு கோப்புகளையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கோட்டில் ஒரு கோழித் திருட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வாசலில் மாரிமுத்து வந்து நின்று கத்தினான். பியூன் இழுத்தும் அவன் போகவில்லை. வெள்ளைக்கார நீதவான் பேனாவை வைத்துவிட்டு, இந்த மனிதன் என்ன சொல்கிறான் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்.

கோட்டில் கேட்கப்படுகிற எந்த வார்த்தையையும் மாற்றக்கூடாது. அண்ணர் நிமிர்ந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், விதிப்படி சொன்னார்: "என் மனைவி இரண்டு நாளாக நோவில் கிடக்கிறாள், கனவானே. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். மோகினியை வீட்டுக்குள் விட எனக்குப் பயமாக இருக்கிறது. தயவு செய்து கோட்டு ஐயா என்னோடு வரவேண்டும்."

கோழி திருடினவன் உட்பட எல்லோரும் அண்ணரையே பார்த்தார்கள். நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, உமக்கு எப்போது கலியாணம் ஆனது என்று கேட்டார். அண்ணர் தனக்கு இன்னும் ஆகவில்லை என்றார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு அப்புக்காத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து விஷயத்தை விளக்க, நீதவான் வழக்கை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்து, அண்ணரைப் போகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். அண்ணர் ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். கறுப்புக் கோட்டு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அடித்தது.

மிஸியை வழியில் கூட்டிக்கொண்டு மாரிமுத்துவின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனோம். கை வைத்துப் பார்த்த கிழவி தன்னால் ஆகாது என்று வெளியே வந்து குந்தியிருந்தாள். உள்ளே அந்தப் பெண்ணுக்குக் கத்துவதற்கும் சக்தி இல்லை, முனகல்தான் கேட்டது. அவ்வளவு தூரம் ஓடி வந்த மாரிமுத்து, வாசலுக்கு வந்ததும் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி மறித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் புரியல. இது மனுசிதான்னு சாட்சி இருக்குங்களா? இருந்தா சொல்லுங்க, விடுறேன்."

அண்ணர் கை பழக்கத்தில் குறிப்புப் புத்தகம் இருந்த பைக்குள் போனது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

"சாட்சி இல்லை, மாரிமுத்து" என்றார். "நான் சொல்லுறன். விடு அவவை."

அந்த மனிதர் வாயிலிருந்து 'நான்' என்ற சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய சொந்த 'நானை' அன்றுதான் கேட்டேன். மாரிமுத்து கையை எடுத்தான்.

ஒன்றரை மணித்தியாலம் ஆனது. உள்ளேயிருந்து மிஸியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதட்டலும் கெஞ்சலுமாக. அண்ணர் ஒரு தடவையும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சின்ன இருமல் மாதிரி ஒன்று கேட்டது, அதன்பின் அழுகை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மிஸி வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, துணியில் சுற்றிய பெண் பிள்ளையை மாரிமுத்துவிடம் நீட்டி, பிடி என்றார். வெள்ளைச் சேலை, கூந்தல் அவிழ்ந்திருந்தது, ஊரெல்லாம் கார்பாலிக் மணம். மாரிமுத்து ஒரு கணம் யோசித்தான். பிறகு வாங்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அந்தப் பிள்ளைக்கு மாரியம்மா பிலோமினா என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு மிஸி தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக் கடைக்குப் பத்து அடி போகவேண்டும் என்றாலும் மூன்று ரிக்‌ஷாக்கள் ஓடிவந்து மறிக்கும். அடைத்த கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லோருக்கும் சந்தோஷம், அண்ணரைத் தவிர. பொதி தூக்குகிற வேலை போய்விட்டதல்லவா. ஆனாலும் நாலு மணிக்கு விழித்துக்கொண்டு, கோட்டையும் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரை விசாரணைக்கு எடுத்தேன். ஏன் புதிதாகத் தலைக்கு எண்ணெய், பக்தியான சைவக்காரர் தேவாலயப் பூசை முடிகிற நேரத்துக்குச் சரியாக அதே தெருவில் உலாவப் போவானேன், சவர்க்காரத்தையும் ஏன் கார்பாலிக்குக்கு மாற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம், தள்ளுபடி என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, விரும்பினால் நான் மேன்முறையீடு செய்யலாம் என்றார்.

எனக்கு அந்தச் சிரமம் வைக்காமல் மிஸியே ஒருநாள் பேக்கரி வாசலில் அவரை மறித்து, "இன்னும் எத்தனை சாட்சி வேணும் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

பதிவுத் திருமணம். நானும் மாரிமுத்துவும் சாட்சிகள். நான் கையெழுத்து வைத்தேன், அவன் பெருவிரலை வைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணருடைய தமக்கையார் வரவில்லை. மோகினி பிடித்தது உண்மைதான் போலிருக்கிறது என்று ஒரு கடிதம் மட்டும் போட்டார். அண்ணர் அதை மிஸிக்கு வாசித்துக் காட்டி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வருடம் போனபின் தமக்கையாரும் பனங்கட்டிப் பெட்டியோடு வந்து இறங்கினார். வந்தவர் திரும்பிப் போக மூன்று மாதம் ஆனது.

அதற்குள் எனக்கும் கலியாணமாகி, மறுபடி வெள்ளவத்தையில் ஒரு வீடு எடுத்திருந்தேன். என் மனைவிக்குத் தலைப்பிரசவம். கடலிலிருந்து காற்றும் மழையும் அடித்த ஒரு பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து மிஸி சேலைக்கரை நனைய வந்து உள்ளே போனார். அண்ணரும் கூட வந்திருந்தார். நான் விறாந்தையில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு பிள்ளைகள் பிறந்ததை வாசலில் நின்று கேட்ட மனிதர், என்னிடம் ஏதாவது சொல்லித் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.  அவர் கையிலிருந்த குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். உள்ளே என் மகன் அழுகிற சத்தம் கேட்கும்வரை, கை மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். விறாந்தைக்கு நல்ல ஓட்டுக் கூரை இருந்தது. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.